10 பணிகள், 4 நுண்செயலிகள், 10 லட்சம் வழிகள்: சிறந்த வடிவமைப்பைக் கண்டறிவது எப்படி?

நாயுடுபேட்டை: ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், நாயுடுபேட்டைக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2024 டிசம்பர் 30-ஆம் தேதி பிஎஸ்எல்வி சி-60 ராக்கெட் விண்ணில் செலுத்தப்பட்டது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் மொஹாலி செமிகண்டக்டர் ஆய்வகமும் இணைந்து உருவாக்கிய 'விக்ரம் 3201' என்ற 32 பிட் நுண்செயலி அதில் சோதிக்கப்பட்டது.

நுண்செயலி தயாரானால் மட்டும் போதாது. ராக்கெட், கார், மருத்துவக் கருவி போன்றவற்றுக்குள் இயங்கும் உட்பொதி கணினிகளில் பல நுண்செயலிகள் இடம்பெறுவதுண்டு. அவற்றுள் எதற்கு எந்தப் பணியை ஒப்படைப்பது என்பதே பொறியாளர்கள் முன் உள்ள கேள்வி.

மலைக்க வைக்கும் எண்ணிக்கை

10 பணிகளை 4 நுண்செயலிகளுக்குப் பகிர்ந்தளிப்பதாகக் கொள்வோம். அதற்கு 10,48,576 வழிகள் உள்ளன. ஒவ்வொன்றையும் கணினியில் ஒத்திகை பார்க்க 1 நிமிடம் ஆகுமெனில், அனைத்தையும் முடிக்க ஏறத்தாழ 2 ஆண்டுகள் தேவைப்படும். ஒவ்வொரு நுண்செயலிக்கும் 3 வேகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், வழிகள் 81 மடங்காகும். காலமோ 160 ஆண்டுகளைக் கடந்துவிடும்.

வேண்டாதவற்றைக் கழித்தல்

எனவே, முழு ஒத்திகைக்கு முன்பே தோராயக் கணக்கின் மூலம் பெரும்பாலானவை கழிக்கப்படுகின்றன. வேகம், மின் செலவு, விலை ஆகிய மூன்றிலும் வேறொன்றிடம் தோற்கும் வடிவமைப்பு உடனே நீக்கப்படும். ஒன்றில் முந்தி மற்றொன்றில் பிந்துபவையே எஞ்சும். இத்தாலியப் பொருளியல் அறிஞர் வில்பிரடோ பரேட்டோவின் பெயரால் இவை 'பரேட்டோ தொகுப்பு' எனப்படுகின்றன.

இத்தொகுப்பை விரைவாக எட்ட உதவும் முறைகளுள் ஒன்று 'என்எஸ்ஜிஏ-2'. கான்பூர் ஐஐடி-யில் பேராசிரியர் கல்யாண்மய் தேப் தலைமையிலான குழு உருவாக்கிய இம்முறை 2002-இல் ஆய்விதழில் வெளியானது. தற்செயலாக எடுத்த சில வடிவமைப்புகளில் தொடங்கி, தேறியவற்றின் கூறுகளைக் கலந்து அடுத்த தலைமுறையை இது உருவாக்குகிறது. பல தலைமுறைகளுக்குப் பின் சிறந்தவை நிலைக்கின்றன.

எச்சரிக்கை தேவை

தோராயக் கணக்கு பிழைத்தால் நல்ல வடிவமைப்பும் கைநழுவிப் போகும். மேலும், ராக்கெட் போன்றவற்றில் சராசரி வேகம் மட்டும் போதாது. மிக மோசமான சூழலிலும் பணி குறித்த நேரத்திற்குள் முடிந்தாக வேண்டும். ஆகவே, இறுதியில் எஞ்சும் சில வடிவமைப்புகள் மட்டும் விரிவான ஒத்திகைக்கும் வன்பொருள் சோதனைக்கும் உட்படுத்தப்படுகின்றன. ராக்கெட் புறப்பட்ட பின் அதன் நுண்செயலியை மாற்ற இயலாது என்பதால், தேர்வு தரையிலேயே பிழையற அமைய வேண்டியுள்ளது.