நடை சாத்துவதற்குள்

மார்க் ட்வெய்ன் 1896 மார்ச் கடைசியில் கல்கத்தாவில் கப்பலேறி, இலங்கைக்குப் போகும் வழியில் மதராஸில் ஒரு நாள் தங்கிப் போனார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய பயண நூலில் அந்த ஒரு நாளுக்குக் கிடைத்தது ஒரு வாக்கியத்தின் சிறு துண்டு. காசியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர் அவர். அந்நாள் மதராஸில் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் மின்சார டிராம் ஓடத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அது. அதற்கும் அந்த நூலில் இடமில்லை.

கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் ஒரு பெரிய நகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது இன்று பெரிய சுற்றுலாத் தொழில். துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி நூம்பலில் வாழும் எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் எங்கள் சாலை. கப்பலிலிருந்து காஞ்சிபுரம் போகும் சுற்றுலாப் பேருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில், எங்கள் வேலப்பன்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

துறைமுகம் வருவதற்கு முன், மதராஸைப் பார்ப்பதைவிட மதராஸில் இறங்குவதே பெரும்பாடு. இயற்கைத் துறைமுகம் இல்லாத கரை இது. அலை உடையும் இடத்துக்கு வெளியே, திறந்த கடலில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களைக் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. ஆணி அடித்த படகு இந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். படகோட்டிகள் அலையின் ஏற்றம் பார்த்துக் காத்திருந்து, சரியான அலை வந்ததும் ஒரே மூச்சில் துடுப்புப் போட்டு மணலில் கொண்டுவந்து ஏற்றுவார்கள். யாராவது தவறி விழுந்தால் தூக்குவதற்குக் கட்டுமரங்கள் கூடவே வரும். கவர்னர்களும் படைத்தலைவர்களும் அந்த மீனவர்களின் கையை நம்பித்தான் இந்த ஊருக்குள் வந்தார்கள். துறைமுகம் கட்டிய பொறியாளர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன, படகோட்டிகளின் பெயர் ஒன்றுகூட நிற்கவில்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

பிறகு 1861-இல் கடலுக்குள் 1,100 அடி நீளத்துக்கு இரும்புப் பாலம் போட்டார்கள். 1870-களின் நடுவில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கின. 1881 நவம்பரில் வந்த புயல் அந்தச் சுவர்களைப் பெரும்பகுதி பெயர்த்துப் போட்டது. விடாமல் மறுபடி கட்டினார்கள். 1904-இல் துறைமுகப் பொறுப்புக்கு வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில், கிழக்கே கடலைப் பார்த்து இருந்த வாயில் மூடப்பட்டு வடகிழக்குக்கு மாறியது. அதன் பிறகே உள்ளே நீர் அமைதியானது.

அந்தச் சுவர் வேறொன்றையும் செய்தது. இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சுவர் அதைத் தடுத்ததும் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே போய் மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊரைத் தின்றது. கப்பல் பயணிகளுக்கு இன்று பேருந்து ஜன்னல் வழியாகக் காட்டப்படும் அந்த அகன்ற மணல்வெளி, கப்பல்களுக்காகக் கட்டிய சுவரால் சேர்ந்தது. வழிகாட்டிகள் இதையும் வடசென்னைக் கரை கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்மவர்களுக்கு அன்று கப்பல் என்றால் ஊர் சுற்றுவதில்லை, பிழைப்பு. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன டெக் பயணிகள் துறைமுக வாசலில் பார்த்தது டாக்டர் பரிசோதனையையும் சுங்கச் சோதனையையும்தான். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய ‘ரஜூலா’ பல குடும்பங்களின் வாழ்க்கையையே இரண்டு கரைகளாகப் பிரித்தது. அடுத்து வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது.

இன்று நிலைமை வேறு. சீசனில் வெளிநாட்டுக் கப்பல் விடிகாலையில் வந்து கரையோடு அணைந்து நிற்கும், மாலையில் கிளம்பிவிடும். நடுவில் ஒரு பகல்பொழுது. குடியேற்றச் சோதனை முடித்துப் பேருந்தில் உட்காருவதற்குள் அதில் ஒரு பங்கு போய்விடும். காஞ்சிபுரம் எழுபத்தைந்து கிலோமீட்டர். அங்கே கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். நாலு மணிக்குப் பயணிகள் திரும்பும் வழியில் இருக்க வேண்டும். ஆகவே கோயம்பேட்டிலும் மதுரவாயலிலும் வேலப்பன்சாவடியிலும் வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே, அவர்கள் ஏகாம்பரநாதரைப் பார்ப்பார்களா, சாத்திய கதவைப் பார்ப்பார்களா என்பதைத் தீர்மானிக்கிறது.

எங்கள் பக்கம் ஏரியும் நெல் வயலுமாக இருந்த காலத்தில் இந்தச் சாலையில் இப்படி நிற்க வேண்டியிருக்கவில்லை. இப்போது நூம்பல் திருவேற்காடு நகராட்சிக்குள் இருக்கிறது. வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஓடும் கன்டெய்னர் லாரிகள். துறைமுகம் எங்கள் வாசல்வரை வந்துவிட்டது என்றே சொல்வேன். துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு மேம்பாலச் சாலை என்று 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்தின் ஓட்டத்தைத் தூண்கள் தடுக்கின்றன என்று 2012-இல் வேலை நின்றது. ஆற்றோரத்தில் மொட்டைத் தூண்கள் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக, 5,850 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு, மறுபடி அடிக்கல். திருவேற்காட்டை ஒட்டிப் போகும் அதே கூவம்தான் துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே கடலில் சேர்கிறது. சாலை முடிந்தால் வண்டிகள் விரையும். ஆறும் ஓட வழி விட்டால் எனக்கு மனநிறைவு.

ஆனால் ஒரு பகலே கையில் உள்ளவர் இந்தச் சாலைக்கு வரவே வேண்டாம் என்பது என் எண்ணம். துறைமுகத்தை ஒட்டியே ஜார்ஜ் டவுன் இருக்கிறது. 1892-இல் எழுந்த உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்கள், 1772-இல் கட்டிய ஆர்மேனியர் தேவாலயம், தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், கச்சாலீசுவரர் கோயில், கொத்தவால்சாவடித் தெருக்கள், கப்பலில் திரும்பிவந்த பர்மா அகதிகள் போட்ட கடைகளிலிருந்து வளர்ந்த பர்மா பஜார். எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். இந்த ஊரைக் கடல் எப்படி உண்டாக்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அவசரமாக ஐந்து இடம் தொட்டுப் பார்ப்பதைவிட ஒரு தெருவில் நின்று காபி குடிப்பது மேல். காஞ்சிக்கு இன்னொரு முறை, ரயிலில், இரவு தங்கும்படியாக வரட்டும்.

2022 ஜூனில் ‘கார்டீலியா’ சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய பிறகு, எங்கள் பகுதிக் குடும்பங்களும் கரையில் இறங்கி மணி பார்க்கும் பயணிகளாகிவிட்டன. 2023 ஜூனில் அது காங்கேசன்துறைக்குப் போனது. அங்கிருந்து யாழ்ப்பாணம் நகரம், நூம்பலிலிருந்து துறைமுகம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு தூரம். கீரிமலை, நல்லூர், கோட்டை, நூலகம் என்று எல்லாவற்றையும் ஒரே பகலில் முடிக்கப் பார்த்தால், நம் சாலையில் விரைந்துபோகும் அந்தக் காஞ்சிபுரப் பேருந்தின் கதைதான் அங்கும் நடக்கும். நல்லூரில் பூசை மணி தவறாது நடக்கும்; யாருக்காகவும் காத்திருக்காது. என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு, நல்லூர் தரிசனத்தை முடித்துவிட்டு மிச்ச நேரம் முழுவதையும் 1981-இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ் நூலகத்துக்கே கொடுக்கச் சொல்கிறேன். கோட்டையை விட்டுவிடலாம்.