பெயரைச் சொல்ல 49 நிமிடம்

அமெரிக்காவின் நியூவிங்டன் நகரிலுள்ள புகழ்பெற்ற அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் அழைப்புக்குறி டபிள்யூ1ஏடபிள்யூ. கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 12 சொல் என்ற மோர்ஸ் வேகத்தில் அதை அனுப்ப ஐந்து விநாடி போதும். ஒரு புள்ளியை 3 விநாடிக்கு இழுத்தால் இரண்டரை நிமிடம் ஆகும். 60 விநாடிக்கு இழுத்தால்? 49 நிமிடம்!

ஏன் இந்த ஆமை வேகம்? கியூஆர்எஸ்எஸ் எனப்படும் இம்முறையில் சமிக்ஞை மிகக் குறுகிய அலைவரிசைக்குள் அடங்கிவிடுகிறது. சுற்றியுள்ள இரைச்சலை வடிகட்டிவிடலாம். சில மில்லிவாட் சக்தியே கடல் தாண்டிப் பதிவாகும். காது கொடுத்துக் கேட்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது? கணினித் திரையில் ஊர்ந்து வரும் புள்ளியையும் கோட்டையும் கண்ணால் படிக்கிறார்கள்.

சிக்கல் சட்டத்தில் வருகிறது. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிப்படி, பேசி முடிக்கும்போதும், இடையே குறைந்தது 10 நிமிடத்துக்கு ஒருமுறையும் நிலையம் தன் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். அடையாளத்துக்கென்றே உள்ள தானியங்கிக் கருவி மோர்ஸில் நிமிடத்துக்கு 20 சொல்லைத் தாண்டக் கூடாது. மேல்வரம்பு இருக்கிறது, எவ்வளவு மெதுவாகப் போகலாம் என்பதற்கு வரம்பே இல்லை. விதி எழுதியவர்கள் ஆமைகளை நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

10 விநாடிப் புள்ளியில் டபிள்யூ1ஏடபிள்யூ எட்டு நிமிடச் சொச்சத்தில் தப்பிவிடும். நீளமான அழைப்புக்குறி தப்பாது. கோட்டையும் புள்ளியளவே அனுப்பி, அதிர்வெண்ணைச் சற்று மாற்றி வேறுபடுத்தினால் நேரம் மிச்சமாகும். அதுவும் போதாதபோது, நடுநடுவே சாதாரண வேக மோர்ஸில் அழைப்புக்குறியை ஒருமுறை தட்டிவிடுவதே எளிய வழி.