ஆறு மார்க்கும் பதினைந்து நிமிடமும்

கடையில் நின்று சரக்கு விற்பதற்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று யாராவது சொன்னால் கழுகுமலைக் கடைவீதியில் சிரிப்பார்கள். நாமும் சிரித்தவர்களே. 1976-ல் எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தில் 32 வாங்கி, மூன்று மார்க்கில் தோற்றோம். மறுபரீட்சைக்குப் பணம் கேட்டபோது தகப்பனார் தராசைக் காட்டி, "இதைப் படி, போதும்" என்றார். அன்று நுழைந்த கிட்டங்கிதான் இன்றுவரை நமக்குப் பள்ளிக்கூடம்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள், இரவு கடை எடுத்து வைக்கும் நேரத்தில் நமது கணக்குப்பிள்ளை முகம் வெளிறி வந்து நின்றார். "அண்ணாச்சி, பையன் தோத்துட்டானாம். ஆறு மார்க்காம்" என்றார்.

பையன் இங்கேதான் பி.காம். முடித்தான். பிறகு ஜெர்மன் மொழி படித்து, அந்நாட்டில் ஒரு சிறு நகரத்துப் பலசரக்குக் கடையில் தொழில் பழகச் சென்றான். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு பற்றிய ஒப்பந்தம் செய்துகொண்டது முதல் இப்படிப் போகும் பிள்ளைகளை நமது பக்கத்திலும் காண்கிறோம். அவன் பயணத்துக்காகத் தாயாரின் சங்கிலி அடகில் இருந்தது. தேறினால் அதே கடையில் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால்? அதைத்தான் கணக்குப்பிள்ளை நம்மிடம் கேட்டார். நமக்குத் தெரியவில்லை. பையனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். நமது சங்கத்தார் அறிய வேண்டிய விஷயம் அதில் உண்டு.

அந்நாட்டில் கடைக்காரர் வேலையும் தச்சு வேலை போல முறையாகப் பழக வேண்டிய தொழில். 1969-ல் இதற்கென்று தொழிற்பயிற்சிச் சட்டம் போட்டார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் கடையில் வேலை, மற்ற நாள் தொழிற்பள்ளியில் பாடம். விற்பனையாளர் என்ற தகுதிக்கு இரண்டு ஆண்டு, சில்லறை வணிகர் என்ற தகுதிக்கு மூன்று ஆண்டு. பழகும் காலத்திலேயே முதலாளி மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பரீட்சையை நடத்துவது சர்க்கார் அல்ல, வணிகர் சங்கம்! தொழில் வணிக மன்றம் என்று வட்டாரத்துக்கு ஒன்றாக நாடு முழுவதும் 79 இருக்கின்றன. அங்கே வணிகம் செய்கிறவர்கள் சட்டப்படி அதில் உறுப்பினர். (சந்தா வசூலுக்குக் கடை கடையாக அலையும் நமது பொருளாளர் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்.) தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பில் ஒருவர், தொழிலாளி தரப்பில் ஒருவர், தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று குறைந்தது மூன்று பேர். கௌரவப் பணியாகச் செய்கிறார்கள். ஆகக் கேள்வி கேட்பவரும் மறுநாள் காலை கடை திறக்கிறவர்தான்.

எழுத்துப் பாடம் மூன்று. விற்பனையும் விளம்பரமும், சரக்கு மேலாண்மையும் விலைக் கணக்கும், பொருளாதாரமும் சமூகவியலும். அதற்கு மேல் 20 நிமிட நேர்முகத் தேர்வு ஒன்று உண்டு. 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. மூன்று எழுத்துப் பாடத்தில் இரண்டிலாவது 50 வேண்டும். பையன் விற்பனையில் 66 எடுத்திருந்தான். சரக்குக் கணக்கில் 44. மூன்றாவதில் 38.

இந்த இடத்தில்தான் அந்தச் சட்டத்தில் ஒரு ஈரம் இருக்கிறது. தவறிய ஒரு பாடத்தைச் சரி செய்தால் மொத்தமும் தேறும் என்றால், மாணவர் விண்ணப்பித்து அந்த ஒரு பாடத்தில் சுமார் 15 நிமிடம் வாய்மொழித் தேர்வு எழுதலாம், மன்னிக்கவும், பேசலாம். எழுத்து மார்க்குக்கு இரண்டு பங்கு, வாய்மொழி மார்க்குக்கு ஒரு பங்கு என்று கூட்டி மூன்றால் வகுப்பார்கள். அதிலும் தவறினால் முழுத் தேர்வை இன்னும் இரண்டு தடவை எழுத இடமுண்டு. பழகுபவர் கேட்டுக்கொண்டால் கடை ஒப்பந்தமும் அடுத்த தேர்வு வரை, அதிகம் போனால் ஓராண்டு நீளும். இதைக் கேட்ட பிறகுதான் கணக்குப்பிள்ளை காப்பியைத் தொட்டார்.

எந்தப் பாடத்தைக் கேட்பது என்று பையனுக்குக் குழப்பம். கணக்குப்பிள்ளை கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. மூன்று ஐம்பது 150. 38-ஐ இரட்டித்தால் 76, மீதி 74 வாய்மொழியில் வேண்டும். 44-ஐ இரட்டித்தால் 88, மீதி 62 போதும். "சரக்குக் கணக்கையே கேளு, அது நம்ம தொழிலு" என்றார் மகனிடம்.

பன்னிரண்டு நாள் இருந்தது. அவன் கடை முடிந்து அறைக்குப் போகும்போது நமக்கு நள்ளிரவு. ஞாயிறன்று அங்கே சட்டப்படி கடை அடைப்பு, ஆகவே அன்று நீண்ட நேரம் பேசினோம். ஜெர்மன் மொழி நமக்கு எழுத்துக்கூடத் தெரியாது. "பெரியப்பா, நீங்க தமிழ்ல கேளுங்க. நான் தமிழ்ல சொல்லிட்டு அப்புறம் ஜெர்மன்ல சொல்லிப் பார்க்கிறேன்" என்றான்.

முதல் நாளே குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. சூத்திரமெல்லாம் மனப்பாடம். "ஏன்?" என்று கேட்டால் வாயடைத்துப் போகிறான். 80 ரூபாய் அடக்கத்துக்கு 25 சதவீதம் ஏற்றினால் விற்பனை 100 என்று சொன்னான், சரி. அதே சரக்குக்கு 25 சதவீதம் தள்ளுபடி போட்டால்? "அடக்கத்துக்கு வந்துடும்" என்றான். வராது. 75-க்கு வரும், கைநட்டம் 5 ரூபாய். ஏற்றியது 80-ன் மேல், இறக்கியது 100-ன் மேல். அடக்கத்தில் 25 என்பது விற்பனையில் 20-தான். எழுத்துத் தேர்விலும் இந்த இடத்தில்தான் வழுக்கியிருக்கிறான். ஆடித் தள்ளுபடிப் பலகை எழுதும் நமது அன்பர்கள் சிலரும் இதே இடத்தில் வழுக்குவதை நாம் பார்த்திருக்கிறோம், பெயர் சொல்ல மாட்டோம்.

பிறகு மறு கொள்முதல் அளவு. நாளொன்றுக்கு 8 கிலோ விற்கிறது, ஆர்டர் போட்டால் சரக்கு வர 5 நாள், கைகாவலுக்கு 20 கிலோ. அப்படியானால் இருப்பு 60 கிலோவைத் தொடும்போதே ஆர்டர் போட வேண்டும். நாம் மூட்டையைத் தட்டிப் பார்த்துச் செய்வதை அவர்கள் எழுதிச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

சரக்குச் சுழற்சிக் கணக்கு வந்தபோது நிலைமை மாறிவிட்டது. ஆண்டில் விற்ற சரக்கின் அடக்கத்தைச் சராசரி இருப்பால் வகுத்தால் எத்தனை தடவை சரக்கு சுழன்றது என்று வரும். 360 நாளை அதால் வகுத்தால் ஒரு மூட்டை எத்தனை நாள் தூங்கியது என்று தெரியும். உதாரணத்துக்கு நமது கடைக் கணக்கையே எடுத்தோம். துவரம்பருப்பு 12 தடவை, 30 நாள். மல்லி? 18 லட்சம் அடக்கம், 6 லட்சம் சராசரி இருப்பு. மூன்றே தடவை, 120 நாள். "பெரியப்பா, 12 வட்டின்னா 120 நாளைக்கு 4 சதவீதம். 24,000 ரூபா வட்டி உங்க கிட்டங்கியில தூங்குது" என்றான் பையன். நமக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கணக்கை நாம் போட்டதே இல்லை.

விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "தம்பி, மல்லி கரிசக்காட்டுல வருஷத்துக்கு ஒரு தடவைதான் விளையுது. ஐப்பசி மழைக்கு வெதச்சா மாசி பங்குனியில வரத்து. அப்ப வாங்கி வைக்காதவன் ஆவணியில எங்க போய் வாங்குவான், என்ன விலைக்கு வாங்குவான்? அந்த விலை ஏத்தம் உன் 4 சதவீதத்தைத் தாண்டினா வச்சிருந்தது லாபம். தாண்டலைன்னா நான் மடையன்" என்றோம். எதிர்முனையில் சத்தமில்லை. பேசாமல் எழுதிக்கொண்டிருந்தான்.

வாய்மொழித் தேர்வுக்கென்று வேறு சில பழக்கமும் செய்தோம். வீட்டுக்காரி வாடிக்கையாளர் போல இடைமறித்துக் கேட்பாள், அவன் நிதானம் இழக்காமல் பதில் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரிந்தது போல அளக்காமல், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகச் சொன்னோம். தப்பாகச் சொன்னால், "திருத்திச் சொல்கிறேன்" என்று உடனே திரும்ப வேண்டும். காகிதத்தில் எழுதிய தப்பு அங்கேயே கிடக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பையன் தடம் மாறியது தெரிந்தால் இன்னொரு கேள்வி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம். யாவாரம் பேசுகிற எவருக்கும் இது புதிதல்ல.

தேர்வன்று பிற்பகல் நாம் கடையில் இருந்தோமே தவிர யாருக்கு என்ன நிறுத்தோம் என்று நினைவில்லை. கணக்குப்பிள்ளை ஒரே பில்லை மூன்று தடவை கூட்டினார். ஐந்தரை மணிக்கு அழைப்பு வந்தது. குறைந்த சுழற்சி எப்போதும் கெட்டதா என்று குழுவில் இருந்த கடைக்கார அம்மாள் கேட்டாராம். இவன் மல்லிக் கதையைச் சொல்லியிருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டார்களாம், இந்தியாவில் கழுகுமலை என்றானாம். வாய்மொழியில் 68. எண்பத்தெட்டும் அறுபத்தெட்டும் 156, மூன்றால் வகுக்க 52. நேர்முகத் தேர்வும் அன்றே தேறிவிட்டது.

கணக்குப்பிள்ளை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிட்டங்கிக்குள் போய்விட்டார். நாம் கல்லாவில் உட்கார்ந்தபடி, 1976-ல் அந்த மூன்று மார்க்குக்கு யாராவது நம்மை எதிரே உட்கார வைத்து ஒரு பதினைந்து நிமிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தோம். இங்கிலீஷ் என்பதால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம் என்றே படுகிறது.

பையன் இப்போது மூன்றாம் ஆண்டும் சேர்ந்து பழகுகிறான். சங்கிலி திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மட்டும் நிற்கவில்லை. இப்போது கேள்வி கேட்பது அவன், பதில் சொல்வது நாம். போன வாரம் மிளகாய் வற்றல் எத்தனை நாள் தூங்குகிறது என்று கேட்டான். இருப்பு எடுத்துப் பார்த்துச் சொல்வதாக ஒரு வாரம் தவணை வாங்கியிருக்கிறோம்.