467 கிணற்றில் 350 பாழ்! தோல் ஷாப்புக் கழிவால் திண்டுக்கல் பட்ட பாடு

திண்டுக்கல்:-

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊர் திண்டுக்கல். இந்த ஊருக்கு இன்னொரு பேரும் உண்டு. அது சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பில் ஏறிய பேர்!

திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கிணறு கிணறாகப் போய்க் கணக்கு எடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த கிணறுகள் மொத்தம் 467. அதில் 350 கிணறுகள் கெட்டுப்போய் விட்டன. காரணம், தோல் ஷாப்புகள் வெளியே விட்ட கழிவுத் தண்ணீர். பெண்களும் பிள்ளைகளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தார்கள். 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந்தேதி வெளியான தீர்ப்பிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆவாரம்பட்டை போய் குரோமியம் வந்தது

தோல் ஷாப்பு திண்டுக்கல்லுக்குப் புதுசு அல்ல. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத்தான் தோலைப் பதப்படுத்தினார்கள். நாற்றம் இருக்கும். ஆனாலும் விஷம் குறைவு. 1970-களில் பச்சைத்தோல், பாதி பதப்படுத்திய தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுசாகத் தயாரான தோலுக்குத்தான் வெளிநாட்டில் காசு என்று ஆனது. குரோமிய உப்பும் ரசாயனமும் தொட்டிக்குள் வந்தன.

வந்து இறங்கும் தோலிலேயே அழுகாமல் இருக்க உப்பு அப்பியிருக்கும். அதை ஊறப்போட்டுக் கழுவினால் முதல் தண்ணீரிலேயே உப்பு கொட்டும். அடுத்து சுண்ணாம்பு, சல்பைடு போட்டு மயிரை எடுக்க வேண்டும். அப்புறம் அமிலம், குரோமியம், சாயம். ஒரு கிலோ தோல் தயாராக சுமார் 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்கிறது தீர்ப்பு. குரோமிய முறையில் 170 வகை ரசாயனம் சேருகிறதாம். இத்தனையும் எங்கே போகும்? ஓடைக்கும் காலி நிலத்துக்கும்தான் போனது!

மாவட்டத்துக்கு டாலர் வந்தது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது என்பதும் உண்மை. ஷாப்பை மூடு என்றால் அந்தக் குடும்பங்கள் தெருவுக்கு வரும். அதனாலேயே அதிகாரிகள் பல வருஷம் நோட்டீசு கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பூட்டு ஊரில் பூட்டுக்குப் பஞ்சமில்லை. பூட்டத்தான் ஆள் இல்லை!

கோர்ட்டு போட்ட போடு

வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம். பாலாற்றில் தோல் கழிவு கலக்கிறது என்பதுதான் புகார். வக்கீல் எம்.சி.மேத்தா வாதாடினார். வழக்கு பெரிதாகி வட ஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டு, திண்டுக்கல் என 5 மாவட்டங்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பானது.

நீதிபதிகள் குல்தீப்சிங், பைசானுதீன், கே.வெங்கடசாமி ஆகியோர் கறாராகச் சொன்னார்கள். அன்னியச் செலாவணி வேண்டியதுதான், அதற்காக மண்ணையும் தண்ணீரையும் கெடுக்க எந்தத் தொழிலுக்கும் உரிமை இல்லை என்றார்கள். கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும். கெடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியையே சேரும். கெட்டுப்போன குடியானவருக்கு நஷ்டஈடு கொடுத்தால் மட்டும் போதாது, மண்ணையும் நீரையும் பழையபடி ஆக்கும் செலவையும் ஏற்க வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் பார்க்க 1986-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி தனி ஆணையம் அமைக்க உத்தரவாயிற்று. ஒவ்வொரு ஷாப்புக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம். 1996 நவம்பர் 30-ந்தேதிக்குள் சுத்திகரிப்பு நிலையம் இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்! சென்னை ஐகோர்ட்டில் இதற்கென்றே பசுமை பெஞ்சு அமைக்கவும் யோசனை சொன்னார்கள்.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அழுக்கு குறைந்தது, குரோமியம் சேற்றோடு படிந்தது. உப்பு மட்டும் போகவில்லை. சாதாரண சுத்திகரிப்பில் கரைந்த உப்பு பிரியாது. அதற்குச் சவ்வூடு பரவல் எந்திரம் வேண்டும். அதன் செலவு தனி.

மழை பெய்தால் போகாதா?

திண்டுக்கல் பூமி பாறைப் பூமி. தண்ணீர் பாறை இடுக்கில்தான் நிற்கும். மழை நன்றாகப் பெய்தால் மேல்மண்ணில் கிடக்கும் பழைய உப்பும் சேர்ந்து கிணற்றுக்குள் இறங்கும். மழை பொய்த்தால் இருக்கிற தண்ணீர் கெட்டியாகி உப்பு ஏறும். குப்பை மக்கும், உப்பு மக்காது.

ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இங்கே வந்து கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்கள். நகரைச் சுற்றி சுமார் 80 ஷாப்புகள் இருந்த நேரம். 2005-ம் ஆண்டு ஆய்வு வெளியானது. சோடியமும் குளோரைடும் ஏகமாக இருந்தன. தீர்ப்பு வந்து வருஷங்கள் ஆகியும் அந்த நிலை!

இப்படிப்பட்ட தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. டவுனுக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத் தண்ணீர் உண்டு. கிராமத்தில் குழாய் வந்தாலும் குடிக்கத்தான் ஆகும். வெங்காய வயலுக்கும் தென்னைக்கும் யார் குழாய் போடுவது?

மறுபடியும் டெல்லியில்

நஷ்டஈடு பாக்கி இன்னும் பேச்சாகவே இருக்கிறது. வேலூர் மாவட்ட வழக்கில் 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் மறுபடி உத்தரவு போட்டார்கள். பாக்கியை 6 வாரத்தில் கொடுக்க வேண்டும், கெடுத்தவர்களிடம் அரசு வசூல் பண்ணிக்கொள்ள வேண்டும், ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதி தலைமையில் கமிட்டி போட வேண்டும் என்பது உத்தரவு.

கிணற்றுத் தண்ணீரில் சந்தேகம் உள்ளவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அதற்கு மேல் போனால் குடிக்கக்கூடாது.