ஆபரேஷன் முடிந்த பிறகு

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயில் வைட்ஃபீல்டில் நிற்கும். வேலைக்குப் போகும் கூட்டத்தோடு சில நாள் நோயாளி ஒருவரும் இறங்குவார். கூட மனைவியோ மகனோ இருப்பார். கையில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை இருக்கும்.

வைட்ஃபீல்டில் சத்ய சாய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2001 ஜனவரி 19ஆம் நாள் அது திறக்கப்பட்டது. இதயத்துக்கும் மூளைக்கும் அங்கே பெரிய ஆபரேஷன்கள் நடக்கின்றன. சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. மூளை ஆபரேஷனுக்கு நிலத்தை விற்றவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும். பெங்களூர் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் என்னும் அரசு ஆஸ்பத்திரியும் உண்டு. மூளை, நரம்பு, மனநோய் மூன்றுக்கும் அது பேர் பெற்றது.

மூளைக் கட்டி ஏன் ஆபத்தானது? மண்டை ஓடு ஓர் எலும்புப் பெட்டி. பெரியவர்களுக்கு அது விரிந்து கொடுக்காது. உள்ளே கட்டி வளர்ந்தால் மூளைதான் நசுங்கும். அதனால் தலைவலி, வாந்தி, வலிப்பு வரலாம். பார்வை மங்கலாம். ஒரு பக்கக் கை கால் பலம் குறையலாம். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. எல்லாத் தலைவலியும் கட்டி அல்ல.

கட்டியை எடுப்பது டாக்டர். ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு இரவும் பகலும் பக்கத்தில் நிற்பது நர்ஸ். "ஐயா, கண்ணைத் திறங்க. உங்க பேர் என்ன? கையைத் தூக்குங்க" என்று அவர் அடிக்கடி கேட்பார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார். "தூங்குகிற மனுஷனை ஏன் எழுப்புறாங்க?" என்று உறவினர்கள் கோபப்படுவது உண்டு.

காரணம் இருக்கிறது. மண்டைக்குள் ரத்தம் கசிந்தாலோ வீக்கம் கூடினாலோ நோயாளி மெல்ல மயக்கத்துக்குப் போவார். பார்ப்பவர்களுக்கு அது தூக்கம் போலவே தெரியும். எழுப்பிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். இதற்கு மார்க் போடும் முறை ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் இரண்டு பேர் 1974இல் அதைச் சொன்னார்கள். கண் திறப்பு, பேச்சு, கை கால் அசைவு ஆகிய மூன்றுக்கும் மார்க். நன்றாக இருந்தால் 15. மிகவும் மோசம் என்றால் 3. மார்க் குறைந்தாலோ, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதானாலோ நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிடுவார்.

பிறகு ஒரு நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அன்று முதல் நர்ஸ் செய்த வேலை வீட்டில் உள்ளவர்கள் தலையில் விழும். பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். வீட்டு ஆண்களும் இதைக் கற்றுக்கொண்டால் என்ன? புரட்டிப் படுக்க வைக்கப் பலம் வேண்டுமே!

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதல் எதிரி படுக்கைப் புண். எலும்பு துருத்தும் இடத்தில் தோல் அழுந்தும். அங்கே ரத்தம் ஓடாது. தோல் செத்துப் புண்ணாகும். இடுப்புக்குக் கீழே, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவும். அடியில் போட்ட விரிப்பை இரண்டு பேர் பிடித்துத் தூக்கித் திருப்புங்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 6 மணி இடது, 8 மணி வலது, 10 மணி மல்லாக்க. அடுத்த ஆள் வந்து பார்த்தால் புரியும்.

சாப்பாடு இன்னும் கவனமான வேலை. புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்போம். இந்த நோயாளிக்குப் புரை ஏறினால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. விழுங்கும் தசை பலம் இழந்ததால் உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று அர்த்தம். அதனால் நிமோனியா வரும். படுத்திருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லுங்கள். சின்னக் கரண்டியால் கொடுங்கள். பலருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கூழ் சுலபமாக இறங்கும். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். இருமலோ, களகளவென்ற குரலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

வலிப்பு வந்தால்? கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் கரண்டியையோ துணியையோ திணித்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தால், 108ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு மாத்திரையையும் மூளை வீக்கத்துக்கான மாத்திரையையும் "இப்போ நல்லாத்தானே இருக்கார்" என்று திடீரென நிறுத்தக் கூடாது.

கட்டி இல்லாமலே மூளை மெல்லத் தேயும் நோய்களும் உண்டு. பார்க்கின்சன் அப்படி ஒன்று. லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதை எழுதினார். கை நடுங்கும். உடல் விறைக்கும். நடை சுருங்கும். இதற்கு ஆபரேஷனைவிட மாத்திரையும் பராமரிப்பும்தான் முக்கியம். மாத்திரை 8 மணிக்கு என்றால் 8 மணிக்கே கொடுக்க வேண்டும். தாமதமானால் உடல் பூட்டிக்கொள்ளும். சிலருக்கு வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். பிடித்துத் தள்ளாதீர்கள். தரையில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டு, "கோட்டைத் தாண்டி வாங்க அப்பா" என்று சொல்லுங்கள். பலருக்குக் கால் எழும்பிவிடும்!

2016ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. டாக்டர் சீட்டுகளைப் பத்திரமாக வைத்து, அரசு ஆஸ்பத்திரியில் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். நர்ஸ் செய்வதைப் பார்த்தால் மட்டும் போதாது. "சிஸ்டர், நான் செய்றேன், சரியா பாருங்க" என்று சொல்லி, திருப்புவதையும் ஊட்டுவதையும் அவர் முன்னாலேயே ஒரு தடவை செய்யுங்கள். மூக்கில் குழாய் இருந்தால் அதில் கஞ்சி விடுவதையும் அப்படியே கற்றுக்கொள்ளுங்கள். கூச்சம் வேண்டாம். வீட்டில் நடு இரவில் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

சில புற்றுக் கட்டிகள் எடுத்த பிறகும் வளரும். இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொல்லும் நிலை வரும். அப்போதும் வலிக்கு மருந்து உண்டு. மாரத்தஹள்ளி பக்கம் கருணாஸ்ரயா என்ற இடம் இருக்கிறது. முற்றிய புற்றுநோயாளிகளை அங்கே இலவசமாக வைத்துப் பார்க்கிறார்கள். வலி குறைக்கிறார்கள், புண்ணைத் துடைத்துக் கட்டுகிறார்கள், குளிக்க வைக்கிறார்கள். பல மாதம் கண் விழித்த மனைவி அங்கே ஓர் இரவாவது தூங்கலாம்.