நாய் ஜாதிகளும் வெறிநாய்க்கடியும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மணிலாக் கொல்லைக்கும் கரும்புத் தோட்டத்திற்கும் காவலாக நாய் வளர்க்காத குடியானவர் சொற்பமே. இராஜபாளையம், கோம்பை முதலிய நம் நாட்டு ஜாதிகளோடு அன்னிய ஜாதிகளை விரும்புவோரும் உண்டு. எந்த ஜாதி ஆபத்தானது என்று பலரும் வினவுகின்றனர்.

2024-ம் வருஷம் மார்ச்சு மாதம், மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 ஜாதிகளை மனித உயிருக்கு ஆபத்தானவை எனக் குறித்து, அவற்றின் விற்பனையைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிற்று. உரியோரைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் மாதத்தில் அதை ரத்து செய்தது. மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையொன்றைக் கடித்துக் குதறின. வலிய தாடையுடைய நாயைக் கட்டின்றி விடலாகாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் வெறிநோய் ஜாதி பார்ப்பதில்லை. ஊசி போடாத களத்து நாய் இலேசாகப் பிறாண்டினாலும் போதும். நோய்க்குறி கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. கடிவாயை உடனே சவுக்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை எதுவும் வைக்கலாகாது. தாமதமின்றி அரசு மருத்துவமனை சென்று அன்றும், 3, 7, 28-ம் நாட்களிலும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் வரும் காயமாயின் கடிவாயைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் அவசியம். முன்னாளில் வயிற்றில் 14 ஊசி போட்டதை நினைத்து அஞ்சுவோர் இன்றும் உளர்; அம்மருந்து வழக்கொழிந்து வெகுநாளாயிற்று. இப்போது ஊசி கையிலேயே போடப்படுகிறது.

மாடு வைத்திருப்போர் ஒன்றை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். வெறிநோய் கண்ட மாடு எச்சில் ஒழுக்கும், தீனி விழுங்காது, குரல் மாறிக் கத்தும். தொண்டையில் ஏதோ சிக்கியது என்றெண்ணி வாய்க்குள் கையை விடுவது நம்மவர் வழக்கம். இது பெரும் அபாயம். அத்தகைய மாட்டைத் தனியே கட்டிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அதன் பச்சைப் பாலை ஒருவரும் பருகலாகாது. நாய் கடித்த மாட்டிற்கு, நோய் காணுமுன்பே, கடித்த அன்றும் 3, 7, 14, 28-ம் நாட்களிலும் ஊசி போடுவிக்கலாம்.

நாய்க்குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும், பின்பு மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், அப்பால் வருஷந்தோறும் ஒன்றும் போடுவித்து, சீட்டைப் பட்டாவோடு பத்திரப்படுத்துக. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஊசி முகாம் நாளை முன்கூட்டியே தண்டோரா போட்டு அறிவித்தால், கொல்லை நாய்களையும் பிடித்துவர அவகாசம் கிடைக்கும்.