எட்டு ஆட்டக்காரரைப் பறிகொடுத்த கோஷ்டி
பத்து ஆண்டு கழித்துக் கோப்பை வென்ற கதை

கால்பந்து ஆட்டத்தில் தோற்றவர்கள் அழுவார்கள். வென்றவர்கள் குதிப்பார்கள். இதுதான் வழக்கம்.

ஆனால் 1968-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி இரவு, லண்டன் வெம்பிளி மைதானத்தில், வென்றவர்களே கண்ணீர் விட்டார்கள்!

ஏன்? அதைத் தெரிந்துகொள்ள, பத்து ஆண்டு பின்னால் போகவேண்டும்.

தோற்றால் வெளியே!

ஐரோப்பாக் கண்டத்தில் பல நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் புகழ் பெற்ற கால்பந்துக் கிளப்புகள் உண்டு. அவற்றில் சிறந்தவற்றை ஒன்றோடு ஒன்று மோதவிட்டால் என்ன? இந்த யோசனையைச் சொன்னது ஒரு பத்திரிகை! பிரான்ஸ் நாட்டின் "லெக்கிப்" என்ற விளையாட்டுப் பத்திரிகை அது.

1955-ல் போட்டி தொடங்கியது. "ஐரோப்பியக் கோப்பை" என்று பெயர். 1992 முதல் "சாம்பியன்ஸ் லீக்" என்று அழைக்கப்படுவது இந்தப் போட்டிதான்.

அப்போது முதல் சுற்றிலிருந்தே, தோற்றவர் வெளியே போகவேண்டும். இரண்டு கோஷ்டிகள் இரண்டு தடவை மோதும். ஒரு ஆட்டம் இவர்கள் ஊரில். இன்னொரு ஆட்டம் அவர்கள் ஊரில். இரண்டு ஆட்டத்திலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். அதிக கோல் போட்டவர் அடுத்த சுற்றுக்குப் போவார். மற்றவர் மூட்டை கட்டவேண்டியதுதான்! இறுதி ஆட்டம் மட்டும் ஒரே தடவை.

முதல் ஐந்து தடவையும் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது ஸ்பெயின் நாட்டின் ரியல் மாட்ரிட் கோஷ்டி.

பஸ்பியின் பிள்ளைகள்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைட்டெட் என்று ஒரு கிளப். அதன் மானேஜர் மாட் பஸ்பி. ஸ்காட்லாந்துக்காரர். இளம் பையன்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, ஆட்டக்காரர் ஆக்குவதில் கெட்டிக்காரர். அதனால் அந்தக் கோஷ்டியை "பஸ்பியின் பிள்ளைகள்" என்றே அழைத்தார்கள். 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இங்கிலாந்தில் முதல் இடம் அவர்களுக்குத்தான்.

ஐரோப்பியக் கோப்பையில் சேருவது இங்கிலாந்து லீக் நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. உள்ளூர் ஆட்டங்கள் கெட்டுவிடும் என்று கருதினார்கள். பஸ்பி கேட்கவில்லை. 1956-ல் தம் கோஷ்டியைப் போட்டியில் இறக்கினார். அந்தத் தடவை அரை இறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் தோற்றார்கள்.

மறு தடவை கால் இறுதி வரை வந்தார்கள். எதிரி, யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் கோஷ்டி. மான்செஸ்டரில் நடந்த ஆட்டத்தில் 2-1 என்று வெற்றி. அடுத்த ஆட்டம் பெல்கிரேடு நகரில், 1958 பிப்ரவரி 5-ந் தேதி. இடைவேளைக்குள் மூன்று கோல் போட்டார்கள். அதில் இரண்டு, 20 வயது பாபி சார்ல்டன் போட்டவை. பிறகு ரெட் ஸ்டார் சீறி எழுந்து மூன்றையும் திருப்பியது. 3-3. ஆனாலும் கூட்டிப் பார்த்தால் 5-4. அரை இறுதிக்கு வழி பிறந்தது!

மறுநாள், சிரிப்பும் கும்மாளமுமாக விமானம் ஏறினார்கள்.

மூன்றாவது ஓட்டம்

சனிக்கிழமை உள்ளூரில் லீக் ஆட்டம் இருந்தது. அதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும். அதனால் தனி விமானம் அமர்த்தியிருந்தார்கள். அது பெட்ரோல் போட்டுக்கொள்ள ஜெர்மனியில் மியூனிக் நகரில் இறங்கியது. அங்கே ஒரே பனி.

திரும்பவும் கிளம்பும்போது என்ஜின் சத்தம் சரியாக இல்லை. விமானி பாதியில் நிறுத்தினார். இரண்டாவது தடவையும் அப்படியே. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். "இன்று பயணம் இல்லை. நாளைதான் வருவேன்" என்று டன்கன் எட்வர்ட்ஸ் என்ற ஆட்டக்காரர், தாம் குடியிருந்த வீட்டு அம்மாளுக்குத் தந்தி கொடுத்தார்.

ஆனால் சற்று நேரத்தில் மீண்டும் அழைப்பு வந்தது. எல்லோரும் ஏறினார்கள். மூன்றாவது தடவை விமானம் ஓடியது. ஓடுபாதையின் கோடியில் பனி உருகிச் சேறு போலக் கிடந்தது. அது சக்கரங்களைப் பிடித்து இழுத்தது. வேகம் குறைந்தது. விமானம் எழும்பவில்லை. வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதிச் சிதறியது. மணி பிற்பகல் 3-04.

விமானத்தில் இருந்தவர் 44 பேர். இறந்தவர் 23 பேர். அதில் எட்டு பேர் ஆட்டக்காரர்கள்: ராஜர் பைர்ன், ஜெப் பென்ட், எட்டி கோல்மன், மார்க் ஜோன்ஸ், டேவிட் பெக், டாமி டெய்லர், லியாம் வீலன், டன்கன் எட்வர்ட்ஸ். கூட வந்த பத்திரிகைக்காரர்களிலும் எட்டு பேர் மாண்டார்கள்.

ராஜர் பைர்ன்தான் காப்டன். ஊரில் அவர் மனைவி ஒரு நல்ல செய்தி சொல்லக் காத்திருந்தார். தாம் தகப்பன் ஆகப்போவது பைர்னுக்குத் தெரியாது. தெரியாமலே போனார். பிறகு ஆண் குழந்தை பிறந்தது.

எட்வர்ட்ஸ் 15 நாள் உயிருக்குப் போராடினார். வயது 21. அவர் கொடுத்த தந்தி, விபத்து நடந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கோல்கீப்பர் ஹாரி கிரெக் தப்பினார். ஆனால் ஓடிவிடவில்லை. எரியும் விமானத்துக்குள் நுழைந்தார். ஒரு சிறு குழந்தையை வெளியே கொண்டுவந்தார். மறுபடியும் உள்ளே போய், அதன் தாயையும் மீட்டார். அந்தத் தாய் அப்போது கர்ப்பிணி. வயிற்றில் இருந்த குழந்தையும் பிழைத்தது.

பெயர் இல்லாத பதினொரு இடம்

பஸ்பி ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். பாதிரியார் வந்து இறுதிச் சடங்கு ஜெபம் கூடச் சொல்லிவிட்டார். கிளப் இத்தோடு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

உதவி மானேஜர் ஜிம்மி மர்பி, வேறு ஆட்ட வேலையாகத் தங்கியதால் அந்த விமானத்தில் போகவில்லை. அவர் பொறுப்பை ஏற்றார். விபத்து நடந்து 13-வது நாள் அடுத்த ஆட்டம். ஆட்டக்காரர் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே அச்சடித்து விற்பது வழக்கம். அன்று மான்செஸ்டர் யுனைட்டெட் பக்கத்தில் பதினொரு இடமும் காலியாக இருந்தது. யார் ஆடப் போகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது!

சுமார் 60 ஆயிரம் பேர் கூடினார்கள். விபத்தில் தப்பிய கிரெக்கும் பில் போல்க்சும் அன்றே இறங்கி ஆடினார்கள். மற்றவர்கள் அவசரமாகச் சேர்த்தவர்கள், கற்றுக்குட்டிகள். 3-0 என்று வென்றார்கள்.

ஐரோப்பியக் கோப்பை அரை இறுதி பாக்கி இருந்தது. எதிரி, இத்தாலியின் மிலான். மான்செஸ்டரில் 2-1 என்று வென்றார்கள். மிலான் நகரில் 4-0 என்று தோற்றார்கள். போட்டியிலிருந்து வெளியே!

பத்து ஆண்டு

பஸ்பி இரண்டு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்து, பிழைத்து வந்தார். இனி கால்பந்தே வேண்டாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. மனைவி தேற்றினார். பஸ்பி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பழையபடி பையன்களைத் தேடினார்.

1966-ல் மீண்டும் அரை இறுதி. மீண்டும் தோல்வி. 1968-ல் இன்னொரு அரை இறுதி. எதிரி, அதே ரியல் மாட்ரிட்!

மான்செஸ்டரில் 1-0 என்று வெற்றி. மாட்ரிட் நகரில் இடைவேளையின்போது 3-1 என்று பின்தங்கினார்கள். கூட்டினால் மாட்ரிட்டுக்கு 3, இவர்களுக்கு 2. இன்னும் 45 நிமிஷம்தான். டேவிட் சாட்லர் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். பிறகு ஜார்ஜ் பெஸ்ட் பந்தைக் கொண்டுபோய்த் தள்ளினார். ஓடி வந்து கோலுக்குள் அடித்தவர் யார்? பில் போல்க்ஸ்! பின்னால் நின்று தடுத்து ஆடும் 36 வயதுக்காரர். மியூனிக்கில் தப்பியவர்.

இறுதி ஆட்டம், போர்ச்சுகல் நாட்டின் பென்பிகாவுடன். 90 நிமிஷத்தில் 1-1. கூடுதல் நேரத்தில் பெஸ்ட், பிரயன் கிட், சார்ல்டன் மூவரும் கோல் போட்டார்கள். கிட்டுக்கு அன்றுதான் 19 வயது பூர்த்தி. முடிவு 4-1. ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் இங்கிலாந்துக் கிளப்!

காப்டன் சார்ல்டன் இரண்டு கோல் போட்டிருந்தார். அவரும் பஸ்பியும் மைதானத்தில் கட்டிக்கொண்டார்கள். இருவர் கண்ணிலும் நீர். அன்று இரவு வெற்றி விருந்துக்கு சார்ல்டன் வரவில்லை. ஓட்டல் அறையிலேயே களைத்துக் கிடந்தார்.

இன்றும் மான்செஸ்டர் மைதானத்துச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் "பிப்ரவரி 6, 1958" என்ற தேதியும், "மியூனிக்" என்ற ஊர்ப் பெயரும் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் ஜனங்கள் கூடி, தலை குனிந்து நிற்கிறார்கள். மியூனிக்கில் பிழைத்த ஆட்டக்காரர்களில் கடைசியாக இருந்த சார்ல்டன் 2023 அக்டோபரில் காலமானார்.

அவர்கள் போன பிறகும் பிள்ளைகள் தகப்பன்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வருகிறார்கள். அந்த எட்டு பேரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.